ஊறுகாய் பார்லர்

கஸ்தூரிக்கு ஏர்பிரஷ் மேக்கப் சொல்லிக்கொடுத்த வேலூர்க்காரி, வகுப்பின் கடைசி நாளில் ஒரு செட்டை மேசையில் பரப்பிவைத்தாள். மேக்கப் கலரைப் புகையாக அடிக்கும் துப்பாக்கியைக் கழுவுவதற்கென்றே செய்த சாமான்கள் அவை. கண்ணாடி ஜாடி, நூல் போன்ற பிரஷ்கள், துப்பாக்கியைச் சாய்த்துவைக்க ஒரு தாங்கி. கூட வந்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். கஸ்தூரி ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

திருவண்ணாமலைக்குத் திரும்பிய வாரமே உட்கார்ந்து செய்தாள். வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில் ஒன்றை ஆர்த்தி தன் வீட்டிலிருந்து கழுவி எடுத்துவந்தாள். கஸ்தூரி மேக்கப் போடுவாள், ஆர்த்தி புடவை கட்டித் தலை அலங்காரம் செய்வாள். வேங்கிக்காலில் ஒரு அறை எடுத்து இருவரும் சேர்ந்துதான் பார்லர் நடத்தினார்கள். அடுப்பில் காய்ச்சிய ஸ்க்ரூ டிரைவரால் பாட்டிலின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டார்கள். துப்பாக்கியின் மூக்கு நுழைந்து நிற்பதற்கு ஒன்று. அதில் உடைந்த ஷவரிலிருந்து எடுத்த பச்சை ரப்பர் வளையத்தைப் பொருத்தினார்கள். மற்றது காற்று வெளியேற. அதன்மேல் மீன்தொட்டிப் பஞ்சை நறுக்கி வைத்து, பழைய மாஸ்க் துணியால் இறுக்கிக் கட்டினாள் ஆர்த்தி. கம்பி ஹேங்கரை வளைத்ததில் தாங்கி தயாரானது. கஸ்தூரியின் மகனுக்கு வாங்கிய காது சொட்டு மருந்து பாட்டிலில் ஸ்பிரிட் நிரப்பினார்கள். பல் இடுக்கைத் தேய்க்கும் குட்டி பிரஷ் துப்பாக்கியின் துளைகளுக்குக் கச்சிதமாக இருந்தது.

ஒரு கலர் முடிந்ததும் துப்பாக்கியின் மேல் கிண்ணத்தில் ஸ்பிரிட்டும் தண்ணீரும் ஊற்றி, மூக்கைப் பாட்டிலுக்குள் விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அடிப்பார்கள். பழுப்புத் தண்ணீர் பாட்டிலின் அடியில் தங்கும், புகை பஞ்சில் நிற்கும். துப்பாக்கிக்குள் ஓடும் மெல்லிய ஊசியை மட்டும் கஸ்தூரி தன் கையாலேயே உருவித் துடைப்பாள். துப்பாக்கிக்கு உயிர் அந்த ஊசிதான். அதன் முனை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் போதும், கலர் புகையாகப் படியாமல் எச்சில் மாதிரித் துப்பும்.

வேலை நன்றாகவே நடந்தது. போளூர் ரோட்டில் ஒரு மஹாலில் நடந்த ரிசப்ஷன் வரைக்கும்.

அன்று மதியம் மணப்பெண்ணுக்கு முகம் முடித்து, கண் வேலையைத் தொடங்குமுன் கஸ்தூரி துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெண்ணின் சித்தி தனம் உள்ளே வந்தாள். கல்யாணத்துக்குத் தன்னை ஒழுங்காக அழைக்கவில்லை என்று காலையிலிருந்தே முகத்தைத் தூக்கிவைத்திருந்தவள். கண்ணாடி மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னாது இது?"

"துப்பாக்கி கழுவற பாட்டில்ங்க. கழுவின தண்ணிதான் உள்ள இருக்குது."

"மாங்கா ஊறுகாய் பாட்டில்தானே? லேபிள் கூட பாதி ஒட்டினு இருக்குது பாரு." தனம் செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டாள். "இதுக்குள்ள அந்த மெஷினு மூக்க விட்டியா இல்லியா?"

"விட்டேங்க. அது கழுவறதுக்குங்க. முகத்துக்குப் போறது மேல இருக்கற கிண்ணத்துல..."

"விட்ட இல்ல? அதே மெஷின எடுத்துத்தானே எங்க பொண்ணு மூஞ்சில அடிச்ச?"

அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கஸ்தூரி ஆமாம் என்றாள். அறையிலிருந்த பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். பாட்டிலில் ஊறுகாய் வாடை போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

தனம் போனை ஆர்த்தி பக்கம் திருப்பினாள். "நீ சொல்லும்மா. கூட இருக்கறவ நீதானே. இது சுத்தமா?"

ஆர்த்தி வாயில் கடித்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கஸ்தூரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்த்தி சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினாள்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. நான் பொடவ கட்ட மட்டும்தான் வந்தேன்."

அதன்பிறகு கஸ்தூரியை யாரும் பேசவிடவில்லை. "நீ அடிச்சத நீயே கழுவிட்டுப் போ" என்றாள் தனம். ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வந்தன. அத்தனை பேர் சுற்றி நிற்க, போன் முகத்துக்கு நேரே நீண்டிருக்க, கஸ்தூரி குனிந்து அந்தப் பெண்ணின் முகத்தைக் கழுவினாள். பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைக்கத் துண்டு கேட்டபோது, "உன் முந்தானையில தொடச்சி விடு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி துப்பாக்கியை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆர்த்தி அவளோடு வரவில்லை. புடவை வேலை பாதியில் இருந்தது.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. யாரோ அதற்கு 'ஊறுகாய் பார்லர்' என்று பேர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. முன்பணம் தந்தவர்கள் திரும்பக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் மகனைப் பிள்ளைகள் 'டேய் ஊறுகாய்' என்று கூப்பிட்டார்கள், அவன் சாப்பாட்டில் ஊறுகாய் வைக்கவேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான். வாடகை அறையைக் காலி செய்த அன்று சாமான்களைத் தூக்கிவைத்த கணவன் பாலாஜி, "அந்த லேபிளையாவது ஒழுங்கா உரிச்சிருக்கலாம் நீ" என்றான். அவன் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கஸ்தூரி அதற்குப் பிறகு அவனிடம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆர்த்தி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அந்த நேரத்தில் பயந்துவிட்டதாகவும், அக்கா தப்பாக நினைக்கக்கூடாது என்றும் சொன்னாள். கஸ்தூரி தப்பாக நினைக்காமலிருக்கவே முயன்றாள். ஆனால் கொஞ்ச நாளிலேயே இன்ஸ்டாகிராமில் ஆர்த்தியின் பேரில் தனிப் பக்கம் வந்தது. கஸ்தூரியிடம் பதிவு செய்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக அதில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீடியோவில் ஆர்த்தி தன் சாமான்களைக் காட்டினாள். புது துப்பாக்கி. பக்கத்தில் தங்க நிற ஜிகினாத்தாள் சுற்றிய ஒரு டப்பா. "இதுதாங்க நம்ம ஹைஜீனிக் கிளீனிங் ஸ்டேஷன்" என்றாள். கஸ்தூரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜிகினாத்தாளுக்கு மேலே எட்டிப்பார்த்த மூடியில் அந்தப் பச்சை ரப்பர் வளையம் இருந்தது. அன்று மஹாலில் விட்டுவந்த பாட்டிலை ஆர்த்தி எடுத்துப்போயிருக்கிறாள்.

கஸ்தூரி தன் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். வேங்கிக்காலிலேயே புதிதாகத் திறந்த ஒரு மஹாலில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தாள். அறைச் சாவி கொடுப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரனுக்குச் சொல்வது, பாத்திரக் கணக்குப் பார்ப்பது. கல்யாணப் பெண்கள் அவளைத் தாண்டி அறைக்குப் போவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எந்த ஷேடு, எங்கே கலரை அதிகமாக அடித்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த மஹாலுக்குத்தான் ஒரு பௌர்ணமியன்று மணிமொழியின் ரிசப்ஷன் வந்தது. முகூர்த்தம் மறுநாள் காலை. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆட்டோ எதுவும் ஓடவில்லை. மணிமொழி லேப் டெக்னீஷியன். நல்ல கறுப்பு. சுடுதண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஆபீசுக்கு வந்தவள், கஸ்தூரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றதும் தானே போய் ஒரு தட்டில் கேசரியும் வடையும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள். கல்யாணப் பெண் எதற்கு இதெல்லாம் செய்கிறாள் என்று கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"இருக்கட்டும்க்கா. உள்ள உக்காந்தா என் கலர பத்தியேதான் பேசறாங்க. மாப்பிள வீட்டுல ஏர்பிரஷ்தான் போடணும்னு சொல்லிட்டாங்க. அடிச்சா ரெண்டு மூணு ஷேடு ஏறிடுமாமே?"

"ஏறும்" என்றாள் கஸ்தூரி.

மேக்கப் போட வந்தவள் ஆர்த்தி. பெட்டியை இழுத்துக்கொண்டு ஆபீஸ் வழியாக வந்தவள், கஸ்தூரியைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடந்துபோனாள்.

சாயங்காலம் மேடையில் விளக்குப் போட்ட நேரத்தில் ஆர்த்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா. துப்பாக்கி அடைச்சிக்கிச்சு. ஊசி அசையவே மாட்டேங்குது. பாதி மூஞ்சி முடிஞ்சிடுச்சு."

கஸ்தூரி பாத்திரக் கணக்கு நோட்டைப் புரட்டினாள்.

"வேலூர்ல இருந்து ஒருத்திய கூப்பிட்டேன், ரோடெல்லாம் மூடிட்டாங்கன்றா. உங்க துப்பாக்கி இருக்குதாக்கா? ஒரு மணி நேரம் குடுங்க போதும்."

"வித்துட்டேன்."

இரண்டு தெரு தள்ளி, அவள் வீட்டு பீரோவில் இருந்தது அது. நடந்தே போய் எடுத்துவந்துவிடலாம்.

"அப்ப இதையாவது கொஞ்சம் பார்த்துக் குடுங்கக்கா. உங்களுக்குப் பண்ணினதுக்கு என்னை என்னா வேணாலும் சொல்லுங்க, அப்புறம் கேட்டுக்கறேன். அந்தப் பொண்ணு பாவம்."

கஸ்தூரி எழுந்து அவளோடு போனாள்.

அறையில் மணிமொழி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது பாதி முகம் கோதுமை நிறத்தில், ஒரு மரு தெரியாமல், அச்சடித்த படம் மாதிரி இருந்தது. வலது பாதி அவள் முகம். மூக்கின் நடுவே இரண்டும் சந்தித்தன. மாப்பிள்ளையின் அக்கா கதவோரம் சாய்ந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டபடி போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரியைக் கண்டதும் மணிமொழி, "நீங்களா அக்கா" என்றாள். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது போலிருந்தது.

கஸ்தூரி துப்பாக்கியைப் பிரித்தாள். என்ன நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்தது. தண்ணீரில் கரையாத சிலிக்கோன் கலரை அடித்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவியிருக்கிறாள், அது உள்ளே திரிந்து பசையாகிவிட்டது. ஸ்பிரிட்டை விட்டு ஊறவைத்தாள். குட்டி பிரஷ்ஷால் துளைகளைத் தேய்த்தாள். மேசையில் ஜிகினாத்தாள் சுற்றிய அந்தப் பாட்டில் இருந்தது. துப்பாக்கியின் மூக்கை அதற்குள் விட்டு அடித்தாள். பழுப்பாக வந்து, வெளிறி, தெளிந்தது. ஆர்த்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, இது நீங்கள் செய்த பாட்டில்தான் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவள், "சீக்கிரம்க்கா" என்றாள்.

ஊசியைத் துடைக்கும்போது கஸ்தூரி முடிவு செய்துவிட்டாள். பஞ்சால் அதைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்துத் துடைத்து, முனையை மேசையின் கல் விளிம்பில் வைத்து நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினாள். பார்ப்பவர்களுக்குத் துடைப்பது போலத்தான் இருந்திருக்கும். பிறகு ஊசியைச் செருகி, கொஞ்சம் தண்ணீர் விட்டு டிஷ்யூவில் அடித்துக் காட்டினாள். தண்ணீருக்கு நன்றாகத்தான் வரும். கெட்டியான கலரை ஊற்றினால்தான் வளைந்தது தெரியும்.

"சரியாயிடுச்சு, அடி" என்று ஆர்த்தி கையில் கொடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தி கையில் சோதித்துப் பார்க்கவில்லை. கலரை ஊற்றி நேரே வலது கன்னத்துக்குக் கொண்டுபோய் அழுத்தினாள். துப்பாக்கி ஒரு கணம் அடைத்து, பிறகு துப்பியது. கன்னத்திலும் கழுத்திலும் வெளிறிய கொப்புளம் கொப்புளமாகத் தெறித்தது. ஜாக்கெட்டின் ஜரிகையில் தெறித்தது. மணிமொழி பதறித் தலையைத் திருப்பியதில் முடித்திருந்த இடது பாதியிலும் ஒரு கோடு விழுந்தது. ஆர்த்தி டிஷ்யூவால் ஒற்றினாள், ஒற்றிய இடம் தோல் உரிந்த மாதிரி ஆனது. தேய்த்தாள், அது இன்னும் பரவியது.

கதவோரத்தில் நின்றவள் சிரித்தாள். "அம்மா, இங்க வந்து பாரேன்" என்று வெளியே குரல் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். மணிமொழியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "கலரு கம்மின்னு தரகர் சொன்னாரு. இவ்ளோ கம்மின்னு சொல்லல" என்றாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். மணிமொழியின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆர்த்தி துப்பாக்கியைப் பிரித்து ஊசியை விளக்கில் பிடித்தாள். அவளும் இந்த வேலை செய்பவள். முனையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இவங்க வளைச்சிட்டாங்க" என்றாள். கஸ்தூரி பக்கம் திரும்பினாள். "ஊசிய வளைச்சிட்டுக் குடுத்திருக்காங்க. என் மூஞ்சியப் பார்த்து சொல்லுங்கக்கா, நீங்கதானே?"

"என்னாம்மா பேசற நீ?" மணிமொழியின் அம்மா அவள்மேல் பாய்ந்தாள். "உன் வேல உனக்குத் தெரியல. வேலய விட்டுட்டு ஓடியாந்து ஒதவி பண்ணாங்களே, அவங்க மேல பழி போடறியா?"

"சத்தியமாங்க..."

"விடுங்கம்மா" என்றாள் கஸ்தூரி. "பதட்டத்துல பேசுது. ஒண்ணும் சொல்லாதீங்க அத."

அறையிலிருந்த எல்லோருக்கும் அவள்மேல் மரியாதை வந்தது. ஆர்த்தி ஊசியை டிஷ்யூவில் சுற்றினாள். அவள் பெட்டியை யாரோ காலால் வாசலுக்குத் தள்ளினார்கள். அதன்மேல் அள்ளிப்போட்ட ஜிகினாத்தாள் பாட்டில் உருண்டு, தாள் கிழிந்து லேபிள் தெரிய, மூடி கழன்று, பழுப்புத் தண்ணீர் தரையில் ஓடியது. "ஐயய்ய, உள்ள ஊறுகாய் பாட்டிலுடி" என்று மாப்பிள்ளையின் அக்கா குனிந்து போனை அதனருகே கொண்டுபோனாள். அந்த வீடியோ எங்கெல்லாம் போகும் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஆர்த்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ இல்லாத ரோட்டில், வெறுங்காலோடு மலை சுற்றப் போகும் கூட்டத்துக்குள் நடந்துபோனாள்.

மணிமொழி அழவில்லை. "யாராச்சும் இத தொடச்சு விடுங்க" என்று மட்டும் கேட்டாள். கஸ்தூரி தேங்காய் எண்ணெய் வரவழைத்து, அவள் முகத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, பஞ்சால் மெல்ல மெல்லத் துடைத்தாள். கலர் போகப் போகக் கீழிருந்து அந்த முகம் வந்தது. தேய்த்த இடங்கள் கன்றிச் சிவந்திருந்தன. அழகான முகம். கலரே அடிக்காமல் லேசாகப் பவுடர் ஒற்றி, கண்ணுக்கு மை மட்டும் எழுதியிருந்தாலே போதும் என்று கஸ்தூரிக்குத் தோன்றியது. புதுப் பஞ்சை எண்ணெயில் நனைத்தாள். இந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒரு உறுத்தல் வந்தது. ஆனால் ஆர்த்தி கூட்டத்துக்குள் போனதை நினைத்தபோது அது அடங்கியது, அடங்கியதை அவள் கவனிக்கவும் செய்தாள்.

இரவு முழுக்க மணிமொழி அந்தக் கன்றிய முகத்தோடு மேடையில் நின்றாள். போட்டோக்காரர் லைட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பவே இல்லை. பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்தப் பாதி முக வீடியோவைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கஸ்தூரி பாத்திரக் கணக்குப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து கிளம்பும்போது மணிமொழி அறைச் சாவியைத் தானே கொண்டுவந்தாள். கன்னத்தில் தோல் லேசாக உரிந்திருந்தது.

"நேத்து நீங்க ஒருத்தருதான்க்கா எனக்காக மெனக்கெட்டீங்க. நீங்க தொடச்சு விடறப்ப தூக்கமே வந்துடுச்சு." சாவியை மேசையில் வைத்துவிட்டு கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள மறக்கமாட்டேன்."

கஸ்தூரி அந்தக் கையை உருவிக்கொள்ளவில்லை. "நல்லா இரு" என்றாள்.

வாசலில் நின்ற காருக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இன்னும் என்னா பேச்சு அங்க? வெயில் ஏறுது. இருக்கற கலரும் போயிடப் போவுது." காருக்குள் எல்லோரும் சிரித்தார்கள். மணிமொழியும் சிரிக்க முயன்றாள். மாலையைச் சரிசெய்துகொண்டு ஓட்டமாகப் போய் ஏறினாள்.

கஸ்தூரி வாசல்வரை போய்க் கை காட்டினாள். மணிமொழி கை காட்ட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார்கள். அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினாள்.